ஆர்பிடி போதுமா, மார்கோவ் வேணுமா? மூணு பம்ப் சிஸ்டத்துக்கு எந்த ரிலையபிலிட்டி மாடல் எடுக்கிறது?

வால்வுவாசு:
வணக்கம் மக்களே, ஒரு கூலிங் வாட்டர் சிஸ்டத்தோட ரிலையபிலிட்டி ஸ்டடி என் தலைல விழுந்திருக்கு. மூணு பம்ப், மூணும் லோடைப் பகிர்ந்து ஓடும், ரெண்டு ஓடினாலே போதும். கன்ட்ரோலர் ரெண்டு, ஒண்ணு வேலை செய்யும் இன்னொண்ணு ஸ்டாண்ட்பை. பவர் ரெண்டு பக்கத்துலேர்ந்து வருது, நடுவுல ஆட்டோ சேஞ்ச்ஓவர். அப்புறம் வால்வு, சென்சார்னு ஒரு நாப்பது ஐட்டம். ரிப்பேர் பண்ண ஷிஃப்டுக்கு ஒரே ஒரு டீம்.

மேனேஜர் ஆர்பிடி (ரிலையபிலிட்டி பிளாக் டயக்ராம், பெட்டி பெட்டியா வரையற படம்) போட்டு முடிச்சிடுங்கறார். வெளிலேர்ந்து வந்த கன்சல்டன்ட் இதெல்லாம் மார்கோவ் (சிஸ்டம் எந்த ஸ்டேட்லேர்ந்து, அதாவது நிலைலேர்ந்து, எந்த ஸ்டேட்டுக்கு எவ்வளவு வேகமா மாறுதுன்னு போடற கணக்கு) இல்லாம ஆகாதுன்னு சொல்றார். கூட வேலை பாக்கற பையன் பேயீசியன் நெட்வொர்க்னு (எது எதைப் பாதிக்கும்னு வாய்ப்புக் கணக்கோட இணைச்சு வரையற வலை) ஒரு பக்கம் இழுக்கறான். ஃபால்ட் ட்ரீ நான் ஏற்கனவே பாதி வரைஞ்சு வெச்சிருக்கேன். நாலுல எது சரி? டேட்டா பத்தி சொல்லணும்னா பம்புக்கு மெயின்டெனன்ஸ் லாக் நல்லாவே இருக்கு, வால்வுக்கு சப்ளையர் குடுத்த நம்பர்தான், கன்ட்ரோலர் ரெண்டும் சேத்து 30,000 மணி நேரம் ஓடியிருக்கு ஆனா ஒரு ஃபெயிலியர் கூட இல்ல, அதுக்கு என்ன போடறதுன்னே புரியல.

கட்செட்காமாட்சி:
நாலுல எது சரின்னு கேக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க, இந்த ஸ்டடியோட ரிசல்ட்டை வெச்சு யாரு என்ன முடிவு எடுக்கப் போறாங்க? அது தெரியாம மாடல் எடுத்தா கடைசில 0.9987ன்னு ஒரு நம்பர் வரும், எல்லாரும் தலையாட்டுவாங்க, ரிப்போர்ட் அலமாரிக்குப் போயிடும்.

பொதுவா நான் பாக்கறது இதுதான். ஆர்பிடியும் ஃபால்ட் ட்ரீயும் பாதிக்கு மேல ஒரே சமாச்சாரம், ஒண்ணு எது எது ஓடினா சிஸ்டம் ஓடும்னு வரையறது, இன்னொண்ணு எது எது போனா சிஸ்டம் போகும்னு வரையறது. லாஜிக் ரெண்டுலயும் ஒண்ணேதான், ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு மாத்திக்கலாம். ஃபால்ட் ட்ரீ 1962ல பெல் லேப்ஸ்ல மினிட்மேன் ஏவுகணையோட லாஞ்ச் கன்ட்ரோலுக்காக வந்தது, அப்பவே கேள்வி "இது எப்படி எல்லாம் தப்பா போகும்"ங்கறதுதான், அதனாலதான் சேஃப்டி ஆளுங்க அதை விடமாட்டாங்க. ஆர்பிடி, அவெய்லபிலிட்டி (சிஸ்டம் எவ்வளவு நேரம் ஓடற நிலைல இருக்கு) பாக்கற ஆளுங்களுக்குப் புடிக்கும் ஏன்னா பைப் டயக்ராம் மாதிரியே இருக்கும் (அதுதான் அதோட ஆபத்தும், பைப் டயக்ராமையே அப்படியே காப்பி பண்ணி ஆர்பிடின்னு குடுக்கறவங்க நிறைய).

ரெண்டுக்கும் அடியில ஒரு அனுமானம் ஒளிஞ்சிருக்கு, ஒவ்வொரு பார்ட்டும் தன்பாட்டுக்கு போகும், தன்பாட்டுக்கு சரியாகும், ஒண்ணோட நிலைமை இன்னொண்ணைப் பாதிக்காது. உங்க சிஸ்டத்துல அது எங்கெல்லாம் உடையுதுன்னு பாருங்க. ஸ்டாண்ட்பை கன்ட்ரோலர் வேலைக்கு வரணும்னா முதல்ல மெயின் போகணும், அங்க வரிசை முக்கியம். ஒரு பம்ப் போனா மிச்ச ரெண்டும் அதிக லோடு இழுக்கும், அப்ப அதுங்களோட ஃபெயிலியர் ரேட் ஏறும். ஒரே ரிப்பேர் டீம், அப்ப ரெண்டாவதா போன பம்ப் க்யூல நிக்கும். இந்த மூணு இடத்துலயும் ஆர்பிடி தப்பான பதில் குடுக்கும், அதுவும் எப்பவும் நல்ல பக்கமாவே தப்பும்னு நம்பாதீங்க. ஸ்டாண்ட்பையை சும்மா பேரலல்னு போட்டா நிஜத்தை விட மோசமா காட்டும். உதாரணத்துக்கு ஒரு யூனிட் சராசரியா 1000 மணிக்கு ஒரு தடவை போகுது, ரிப்பேர் 10 மணி நேரம்னா, ரெண்டையும் சேத்து ஓட்டும்போது ரெண்டும் போற வரைக்கும் சராசரி 51,500 மணி நேரம் வரும், ஸ்டாண்ட்பைல அணைச்சு வெச்சு சரியான நேரத்துல கண்டிப்பா ஸ்டார்ட் ஆகும்னா 1,02,000 மணி நேரம். கிட்டத்தட்ட ரெட்டிப்பு. ஆனா அந்த "கண்டிப்பா ஸ்டார்ட் ஆகும்"ங்கறதுதான் எங்கயும் நடக்காத விஷயம்.

அதுக்காக முழு சிஸ்டத்தையும் மார்கோவ்ல போடறேன்னு இறங்காதீங்க. 20 பார்ட், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு நிலைன்னாலே 10 லட்சத்துக்கு மேல ஸ்டேட் வருது, 40 ஐட்டம்னா கேக்கவே வேண்டாம். கன்சல்டன்ட் அதை எப்படி சமாளிக்கறார்னு கேட்டுப் பாருங்க. பெரும்பாலும் நிறைய ஸ்டேட்டை ஒண்ணா மடக்கியிருப்பார், எதை வெச்சு மடக்கினார்ங்கறதுலதான் மாடலோட உயிரே இருக்கு.

டைஸ்தம்பி:
இவ்வளவு யோசிக்கறதுக்கு மான்டே கார்லோ (கம்ப்யூட்டர்ல ரேண்டமா பல தடவை ஓட்டிப் பாக்கற சிமுலேஷன்) போட்டு ஓட்டிட்டு போயிடலாமே, லோடு ஷேரிங், க்யூ, ஷிஃப்ட், ஸ்பேர் பார்ட் எல்லாத்தையும் கோட்ல எழுதிடலாம், எக்ஸ்பொனென்ஷியல்னு (ரேட் எப்பவும் மாறாதுங்கற டிஸ்ட்ரிப்யூஷன்) கட்டாயம் இல்ல, ரிப்பேர் டைமுக்கு லாக்நார்மல் தேய்மானத்துக்கு வைபுல்னு வேற டிஸ்ட்ரிப்யூஷன் போடலாம். இந்தக் காலத்துல கம்ப்யூட்டருக்கா பஞ்சம், ஏன் இன்னும் எல்லாரும் பேப்பர்ல மேட்ரிக்ஸ் போடறீங்கன்னு எனக்குப் புரியவே இல்ல.

கட்செட்காமாட்சி:
தம்பி, அவெய்லபிலிட்டிக்கு நீங்க சொல்றது ஓரளவு சரி. ஆனா சேஃப்டி பக்கம் 10 லட்சத்துல ஒண்ணுன்னு ஒரு வாய்ப்பைத் தேடும்போது, விடைல 10 சதவீதப் பிழைக்குள்ள வரணும்னா சுமார் 10 கோடி ஓட்டம் வேணும். ரேர் ஈவென்ட்டுக்குன்னு தனி டெக்னிக் எல்லாம் இருக்கு, அது தெரிஞ்சு பண்ணினா ஓகே. இன்னொரு விஷயம், சிமுலேஷன் நம்பரைத்தான் குடுக்கும், ஏன் அந்த நம்பர்னு சொல்லாது. கட் செட் (ஒண்ணா போனா சிஸ்டத்தையே சாய்க்கற பார்ட்களோட கூட்டம்) லிஸ்டை மேஜை மேல வெச்சு "இந்த ரெண்டு வால்வும் ஒண்ணா மூடினா எல்லாம் காலி"ன்னு ஆபரேட்டர்கிட்ட காட்டினா அவர் அஞ்சு நிமிஷத்துல "அது ரெண்டுக்கும் ஒரே ஏர் லைன் மேடம்"னு சொல்லிடுவார். கோடை அவர்கிட்ட காட்ட முடியாது.

அப்புறம் லாக்நார்மல் பத்தி. பார்ட்டெல்லாம் தனித்தனியா ரிப்பேர் ஆகுது, நமக்கு வேண்டியது நீண்ட கால சராசரி அவெய்லபிலிட்டி மட்டும்தான்னா, டிஸ்ட்ரிப்யூஷன் என்ன ஷேப்னு கவலையே வேண்டாம், ரெண்டு சராசரி டைம் போதும். ஷேப் முக்கியமாகறது க்யூ வரும்போது, இல்ல குறிப்பிட்ட ஒரு மிஷன் டைமுக்குள்ள (நிக்காம ஓட வேண்டிய காலம்) போகுமான்னு கேக்கும்போது. இது தெரியாம ரிப்பேர் டைமுக்கு எந்த டிஸ்ட்ரிப்யூஷன் பொருந்துதுன்னு மாசக்கணக்கா உக்காந்தவங்க உண்டு.

மூணுலரெண்டு:
மெத்தட் சண்டை எல்லாம் சரி, ஆனா ஒருத்தரும் காமன் காஸ் (ஒரே காரணத்தால பல பார்ட் ஒண்ணா போறது) பத்திப் பேசலையே. மூணு பம்பும் ஒரே மாடல், ஒரே சக்ஷன் ஹெடர் (தண்ணி உறிஞ்சற பொதுக் குழாய்), ஒரே ஆள் ஒரே கிரீஸ் வெச்சு சர்வீஸ் பண்றார்னா அதுங்க தனித்தனி இல்ல. நம்பர் போட்டே காட்றேன். ஒரு பம்ப் ஓடாம நிக்கற வாய்ப்பு 0.01ன்னு வெச்சுக்கங்க. மூணுல ரெண்டு ஒரே நேரத்துல நிக்கறது, தனித்தனின்னு நம்பினா, சுமார் 0.0003. இப்ப ஃபெயிலியர்ல வெறும் 5 சதவீதம் மூணையும் ஒண்ணா சாய்க்கும்னு பீட்டா ஃபேக்டர் போட்டா அது மட்டுமே 0.0005. அதாவது இவ்வளவு நேரம் ஆர்பிடியா மார்கோவான்னு சண்டை போட்ட நம்பரை விட, யாரும் வரையாத ஒரு பெட்டி பெருசு.

1989 ஜூலைல யுனைடெட் 232 விமானம், டிசி-10. மூணு தனித்தனி ஹைட்ராலிக் சிஸ்டம், பேப்பர்ல பாத்தா மூணும் ஒண்ணா போகவே போகாது. வால் பக்க இன்ஜினோட ஃபேன் டிஸ்க் வெடிச்சுது, சிதறின துண்டு மூணு சிஸ்டத்தோட லைனையும் வெட்டிடுச்சு, ஏன்னா மூணு லைனும் வாலுக்குள்ள பக்கத்துல பக்கத்துல போகுது. ஆர்பிடில மூணு பெட்டி பேரலல்ல அழகா இருக்கும், அந்தப் பெட்டி எல்லாம் எந்த இடத்துல இருக்குங்கறது அதுல தெரியாது. அதனால முதல்ல சைட்டை ஒரு சுத்து சுத்திட்டு வாங்க, எது எதுக்குப் பக்கத்துல, எது எதோட கேபிள் ட்ரேயைப் பகிர்ந்துக்குதுன்னு பாத்துட்டு வந்து அப்புறம் சாஃப்ட்வேரைத் திறங்க.

வால்வுவாசு:
ரொம்ப நன்றி. காமாட்சி மேடம் கேட்டதுக்கு பதில்: நான் முதல்லயே சொல்லியிருக்கணுமோ என்னவோ, மேனேஜ்மென்ட் முன்னாடி இருக்கறது ரெண்டு ஆப்ஷன். நாலாவதா ஒரு பம்ப் வாங்கறதா, இல்ல இன்னொரு ரிப்பேர் டீம் போடறதா. ரெண்டுல ஒண்ணுக்குத்தான் பட்ஜெட். மூணுலரெண்டு சொன்ன மாதிரி சக்ஷன் ஹெடர் ஒண்ணேதான், ஸ்ட்ரெய்னரும் (குப்பையைத் தடுக்கற சல்லடை) ஒண்ணு. டீம் பம்பை மட்டும் பாக்காது, வால்வு பவர் எல்லாத்துக்கும் அதே டீம்தான்.

கட்செட்காமாட்சி:
இப்பதான் இது ஒரு கேள்வி. பாருங்க, ரெண்டாவது டீம்ங்கறது ஆர்பிடிக்கு கண்ணுலயே தெரியாது, அதுல டீம்ங்கற விஷயமே கிடையாது. அதனால உங்க மேனேஜர் சொன்னபடி ஆர்பிடி போட்டா பதில் என்ன வரும்னு இப்பவே சொல்லிடலாம், நாலாவது பம்ப்தான் ஜெயிக்கும், எதிராளியே மைதானத்துல இல்லாதபோது.

பம்ப் பகுதிக்கு மட்டும் ஒரு குட்டி மார்கோவ் போடுங்க, எத்தனை பம்ப் நிக்குதுங்கறதுதான் ஸ்டேட், பூஜ்யத்துலேர்ந்து மூணு வரைக்கும் மொத்தம் நாலே ஸ்டேட், கையாலயே போடலாம். மூணுலரெண்டு எடுத்த அதே நம்பர் வெச்சு நான் தோராயமா போட்டுப் பாத்தேன், லோடு ஏறினா ரேட் ஏறும்ங்கறதை இப்போதைக்கு விட்டுட்டேன். ஒரே டீம்னா 0.0003 இருந்தது 0.0006 ஆகுது, ரெட்டிப்பு. அதோட காமன் காஸ் 0.0005 சேத்தா 0.0011, வருஷத்துக்கு ஒன்பதரை மணி நேரம் சிஸ்டம் இல்ல. ரெண்டாவது டீம் போட்டா 0.0008, அதாவது ஏழு மணி நேரம். நாலாவது பம்ப் வாங்கினா தனித்தனி ஃபெயிலியர் கிட்டத்தட்ட காணாமலே போயிடுது, 0.00002 பக்கம், ஆனா காமன் காஸ் அப்படியே உக்காந்திருக்கு, மொத்தம் 0.00052, நாலரை மணி நேரம். சரி பம்ப்தான் ஜெயிக்குதுன்னு எழுந்து போயிடாதீங்க. மூணே பம்ப், ஒரே டீம், எதுவும் வாங்கல, சக்ஷனையும் ஸ்ட்ரெய்னரையும் பிரிச்சு பீட்டாவை 5லேர்ந்து 1 சதவீதமா இறக்கினா 0.0007, ஆறு மணி நேரம். ரெண்டாவது டீமை விட நல்ல ரிசல்ட், யாரும் உங்ககிட்ட கேக்காத ஆப்ஷன். நாலாவது பம்பை வாங்கி அதுக்கு தனி சக்ஷனும் குடுத்து பீட்டா 1 ஆச்சுன்னா ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல.

பீட்டா நம்பர் நாங்க சும்மா எடுத்தது, உங்களுக்கு 2ஆ இருக்கலாம் 10ஆ இருக்கலாம், மாத்தி மாத்திப் போட்டு எந்த இடத்துல முடிவு திரும்புதுன்னு பாருங்க. பீட்டா எவ்வளவு ஏறினாலும் முடிவு மாறலைன்னா அதோட சரியான மதிப்பைத் தேடி அலைய வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. வழக்கமா நான் சொல்றது, வரிசையும் க்யூவும் இருக்கற குட்டிப் பகுதிக்கு மார்கோவ், அதோட ரிசல்ட்டை ஒரே பேசிக் ஈவென்ட்டா (ட்ரீயோட அடிமட்ட நிகழ்வு) மேல இருக்கற ஃபால்ட் ட்ரீல சொருகுங்கன்னு. அப்படி வெட்டணும்னா வெட்டற இடம் சுத்தமா இருக்கணும். உங்க டீம் வால்வுக்கும் போகுதுன்னா பம்ப் பகுதி தனி இல்ல. வால்வு ரிப்பேர் அபூர்வமா, குறைஞ்ச நேரத்துல முடியறதுன்னா கண்டுக்காம விடலாம், இல்லைன்னா அந்த இடத்துல தம்பி சொன்ன சிமுலேஷன்தான் நியாயம், இல்ல பெட்ரி நெட் (நிலை மாற்றங்களை வரையற இன்னொரு முறை). இங்க அவருக்கு மார்க் குடுக்கறேன்.

டைஸ்தம்பி:
நன்றி மேடம் 😄 ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுட்டேன்.

பாதிபிட்:
சாஃப்ட்வேர் பக்கத்துலேர்ந்து ஒண்ணு. கன்ட்ரோலர் ரெண்டுலயும் அதே ஃபர்ம்வேர் அதே லாஜிக்தானே ஓடுது? அப்ப அதை ரெண்டு யூனிட்னு எண்ணாதீங்க. 1996 ஜூன் 4ல ஏரியன் 5ஓட முதல் ராக்கெட், ரெண்டு இனர்ஷியல் யூனிட் (ராக்கெட் எந்தப் பக்கம் போகுதுன்னு அளக்கற கருவி), ஒண்ணு போனா இன்னொண்ணு. ஏரியன் 4லேர்ந்து எடுத்துட்டு வந்த கோட்ல 64 பிட் நம்பரை 16 பிட்ல அடைக்கப் போய் ஓவர்ஃப்ளோ ஆச்சு. ஸ்டாண்ட்பை முதல்ல போச்சு, அடுத்த நொடி கூட ஆகல, மெயினும் அதே காரணத்துக்கு அதே மாதிரி போச்சு. ஹார்டுவேர் ரெண்டும் நல்லாதான் இருந்தது. சாஃப்ட்வேர் தேஞ்சு போகாது, அந்த இன்புட் வந்தா ரெண்டுலயும் போகும் வராட்டி ரெண்டுலயும் போகாது, அதுக்கு ஒரு லாம்டா (ஃபெயிலியர் ரேட்) குடுத்து எக்ஸ்பொனென்ஷியல் போடறதைப் பாத்தா எனக்கு எரிச்சலா வரும். ஹார்டுவேருக்கு தனியா, லாஜிக் பிழைக்கு ரெண்டுக்கும் பொதுவா ஒரு ஈவென்ட், அதுக்கு நம்பரை விட டெஸ்டிங்கும் ரிவ்யூவும் என்ன நடந்திருக்குங்கற வாதம்தான் முக்கியம்.

லாக்புக்லட்சுமணன்:
தம்பி வாசு, ஜீரோ ஃபெயிலியர் கேள்விக்கு யாரும் பதில் சொல்லலைன்னு நினைக்கிறேன். ஃபெயிலியரே இல்லைன்னா ரேட் பூஜ்யம் கிடையாது. எளிய கணக்கு, 3ஐ ஓடின மணி நேரத்தால வகுத்தா 95 சதவீத நம்பிக்கையோட மேல் எல்லை. 30,000 மணி நேரம்னா ரேட் மணிக்கு 0.0001ஐ விடக் குறைவுன்னு மட்டும்தான் உங்களால சொல்ல முடியும், அதாவது 10,000 மணிக்கு ஒண்ணு வரைக்கும் இருக்கலாம். இதே மாதிரி கன்ட்ரோலர் வேற இடத்துல ஓடின ரெக்கார்டு இருந்தா அதை ப்ரயரா (முன்கூட்டிய கணிப்பா) வெச்சு பேயீசியன்ல உங்க டேட்டாவோட சேத்தா எல்லை இறங்கும். அந்தப் பையன் சொல்ற பேயீசியன் இதுக்கு உபயோகம், ஆனா இதுக்கு நெட்வொர்க் எல்லாம் வேண்டாம், காமா டிஸ்ட்ரிப்யூஷன் ஒண்ணு போதும், எக்செல்லயே வந்துடும். எலக்ட்ரானிக்ஸுக்கு மில் ஹேண்ட்புக் 217லேர்ந்து (பார்ட்டோட ஃபெயிலியர் ரேட் கணக்கிடற அமெரிக்க ராணுவக் கையேடு) நம்பர் எடுக்கச் சொல்லி யாராவது சொல்வாங்க, அந்த எஃப் பதிப்பு வந்தது 1991, அதுக்கான கடைசி திருத்தம் 1995. இன்னைக்கு உங்க போர்டுல இருக்கற சிப்புல பாதி அப்ப பொறக்கவே இல்ல.

பம்ப் லாக் நல்லா இருக்குன்னு சொன்னீங்க, அதை நேரா வைபுல் சாஃப்ட்வேர்ல கொட்டிடாதீங்க. ரிப்பேர் ஆகி மறுபடி ஓடற மெஷினுக்கு இடைவெளிகளைச் சின்னதுலேர்ந்து பெருசா அடுக்கி வைபுல் போட்டா வரிசை அழிஞ்சு போயிடும். 900, 700, 400, 200ன்னு இடைவெளி சுருங்கிட்டே வர்ற பம்பும், 200, 400, 700, 900ன்னு நல்லாயிட்டே வர்ற பம்பும் அந்த வைபுல்ல ஒரே மாதிரிதான் தெரியும். முதல்ல ஒரு கிராஃப், கிடைமட்டத்துல மொத்தம் ஓடின மணி நேரம், மேல மொத்த ஃபெயிலியர் எண்ணிக்கை. கோடு நேரா போனா கான்ஸ்டன்ட் ரேட் போட்டு மார்கோவ் தாராளமா போடலாம். மேல வளைஞ்சா பம்ப் மோசமாயிட்டு வருது, அப்ப காமாட்சியம்மா போட்ட கணக்குல அந்த 0.01 இன்னைக்கு உள்ளது, அடுத்த வருஷத்துக்கு செல்லாது, அப்ப நாலாவது பம்பா டீமான்னு கேக்கறதை விட பழைய மூணுல எதை மாத்தறதுன்னு கேக்க வேண்டியிருக்கும்.

சேஞ்ச்ஓவரையும் மறந்துடாதீங்க. அது கெட்டுப் போய் கிடந்தாலும் பவர் போற வரைக்கும் யாருக்கும் தெரியாது. அந்த மாதிரி மறைஞ்சிருக்கற ஃபெயிலியருக்கு சராசரியா அது வேலை செய்யாத நிலைல இருக்கற வாய்ப்பு, ரேட்டை டெஸ்ட் இடைவெளியால பெருக்கி ரெண்டால வகுத்தா வரும். ரேட் மணிக்கு 0.00001, டெஸ்ட் வருஷத்துக்கு ஒரு தடவைன்னா 0.044. அதே சாமானை மாசா மாசம் டெஸ்ட் பண்ணினா 0.004க்கும் கீழ. இதுக்கு எந்தப் பெரிய மாடலும் வேண்டாம், ஆனா உங்க ஃபால்ட் ட்ரீல அந்த ஈவென்ட்டுக்கு சாதாரணமா ரிப்பேர் டைம் வெச்சு நம்பர் போட்டிருந்தீங்கன்னா பத்து மடங்கு நூறு மடங்கு தப்பியிருக்கும்.

வால்வுவாசு:
லட்சுமணன் சார், சேஞ்ச்ஓவருக்கு நான் ரிப்பேர் டைம்தான் போட்டு வெச்சிருந்தேன் 😬 மாத்தறேன். பம்ப் கிராஃப் இப்பதான் போட்டேன், ரெண்டு பம்ப் நேர்கோடு, பி பம்ப் மட்டும் மேல வளையுது. பி-யோட லாக்ல திரும்பத் திரும்ப பேரிங்தான் எழுதியிருக்கு. அப்ப மூணுக்கும் ஒரே ரேட் போட முடியாதுல்ல, ஸ்டேட் நாலுலேர்ந்து கூடுமா?

கட்செட்காமாட்சி:
கூடும், எந்தப் பம்ப் நிக்குதுன்னு தனியா வெச்சுக்கணும், அப்ப எட்டு ஸ்டேட். ஒரே டீம்னா யாரு முதல்ல க்யூல நின்னாங்கங்கற வரிசையும் சேரும், இன்னும் கொஞ்சம் ஏறும், 16 வரும். அப்பவும் எக்செல்ல அடங்கும். ஆனா அதுக்கு முன்னாடி பி-யோட அலைன்மென்ட்டையும் பேஸையும் ஒருத்தரைப் பாக்கச் சொல்லுங்க, ஒரே பம்புல மட்டும் பேரிங் திரும்பத் திரும்ப போகுதுன்னா அதுக்கு மாடல் தேவையில்ல, டயல் கேஜ்தான் (அலைன்மென்ட் அளக்கற கருவி) தேவை.